எல்கேஜி போகும் பிள்ளைக்கு முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது?



ஜூன் நெருங்குகிறது. "டீச்சர், பிள்ளைக்கு இன்னும் 'அ' கூட எழுத வரவில்லையே" என்று உங்களில் சிலர் போனில் கவலைப்படுகிறீர்கள்.

மூன்று வயதில் எழுத வராததுதான் இயல்பு. மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் பல அப்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கும். விஜயதசமியன்று அரிசியில் எழுத வைப்பதும் விரலால்தானே? பென்சிலைத் திணிக்காதீர்கள். சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும். விரல்களுக்கு அதுவே பயிற்சி.

முதல் வாரத்தில் பிள்ளைகள் எழுத்துக்காக அழுவதில்லை. டிபன் பாக்ஸைத் திறக்க வராமல் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றுக்கு வருவதைச் சொல்லத் தெரியாமல் அடக்கி வைத்து, உடையை நனைத்துவிட்டுக் கூனிக் குறுகுவார்கள். மறுநாள் பள்ளி என்றாலே பயம்.

ஆகவே இந்த விடுமுறையில், தினம் ஒரு வேளையாவது டிபன் பாக்ஸைத் தானே திறந்து சாப்பிடட்டும். பட்டன் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த கால்சட்டை வாங்குங்கள். உங்கள் வீட்டுச் செல்லச் சொல் மிஸ்ஸுக்குப் புரியாது. "மிஸ், பாத்ரூம்" என்று சத்தமாகக் கேட்கப் பழக்குங்கள்.

"சாப்பிடாவிட்டால் மிஸ் அடிப்பாங்க" என்று மிரட்டிச் சோறு ஊட்டாதீர்கள். பள்ளியில் விட்டதும் கண்ணில் படாமல் நழுவாதீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்குக் கேட்டில் நில்லுங்கள்.

எழுத்தைப் பள்ளியில் நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஜூனில் பிள்ளை எப்படிப் போய் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.