தண்டனைக்கு அனுப்பாதீர்கள், படிக்க அனுப்புங்கள்

அரசு ஊழியரை மிரட்டத் தமிழில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." சினிமாவில் அமைச்சர் சொல்வார், நாம் சிரிப்போம். அந்தக் காட்டில் ஏற்கெனவே குடியிருக்கிறவர்கள் யார் என்று கேட்க மாட்டோம். ஒருவருக்குத் தண்டனையாகத் தரப்படும் ஊர் இன்னொருத்திக்குப் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், அவள் தறி ஓட்டும் ஊர்.

பள்ளிபாளையம் தண்ணியில்லாக் காடு அல்ல. காவிரிக் கரையில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் ஈரோடு, மருத்துவமனைப் பலகைகள் வரிசையாக நிற்கும். ஆனால் விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றும் பெண்ணுக்கு அந்தப் பாலம் ஒரு நாள் கூலி. ஓட்டிய தறிக்குத்தான் காசு, லீவுக்குக் காசு கிடையாது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தலைக்கு மேல் நிற்கிறது. பஞ்சுத் தூசியில் வரும் இருமலுக்கும், நின்று நின்று இறங்கிய கருப்பைக்கும், மாதக்கணக்கில் ஓயாத உதிரப்போக்குக்கும் அவள் பாலம் தாண்டுவதில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். மருத்துவ வசதி இல்லாத ஊர் என்றால் மலைமேல் இருக்க வேண்டும் என்பது நகரத்தில் இருப்பவர்களின் கற்பனை.

2025 ஜூலையில் பள்ளிபாளையத்தின் பெயர் எல்லாச் செய்திகளிலும் வந்தது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் கிட்னி வாங்கினார்கள் என்ற புகார் அது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தரகர்களைப் பற்றி நிறைய எழுதினார்கள். எழுதாமல் விட்ட ஒன்றை நாம் கேட்போம். உடலிலிருந்து ஓர் உறுப்பை எடுப்பதற்குத் தேர்ந்த கைகள் கிடைத்துவிட்டன. எடுத்த பின் அந்த உடம்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க, ரத்த அழுத்தம் பார்க்க, கிரியாட்டினின் பார்க்க, "நூல் மூட்டை தூக்காதே" என்று சொல்ல, அவள் தெருவுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? உறுப்பை வாங்கிக்கொள்ள நீளும் மருத்துவ அறிவு, அவளைக் கவனிக்க மட்டும் ஏன் நீளவில்லை?

"தமிழ்நாடு முன்மாதிரி மாநிலம், இங்கே போய் இப்படிப் பேசலாமா?" என்பார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019–21) இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவமனையில் நடக்கும் பிரசவம் 99.6 சதவீதம். 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். பிரசவத்துக்கு வந்தவள் எல்லாம் வந்துவிட்டாள், ஆனால் பாதிப் பேருக்கு மேல் ரத்தம் போதவில்லை. நம் சுகாதாரத் துறைக்குப் பெண் என்றால் கர்ப்பிணி. பிள்ளை வெளியே வந்த பின் அவள் பெயர் பதிவேட்டில் மங்கிவிடுகிறது. கருப்பை சுமக்கும்போது இருந்த கவனம், அதே கருப்பை நாற்பது வயதில் தொல்லை தரும்போது "எடுத்துப் போட்டுடலாம்மா" என்ற ஒரே வரியாகச் சுருங்குகிறது.

இது நல்ல மனம், கெட்ட மனம் பற்றிய பிரச்சினை இல்லை. மருத்துவர் எங்கே உருவாகிறார் என்பதுதான் பிரச்சினை. எம்பிபிஎஸ் முடித்தவர் எம்.டி., எம்.எஸ். படிக்கும் மூன்றாண்டுகளில்தான் நிபுணராகிறார். பெரிய அரசு மருத்துவமனைகளின் இரவுகளை ஓட்டுவதே பிஜி மாணவர்கள்தான். அந்த மூன்றாண்டில் எந்த நோயை அதிகம் பார்க்கிறாரோ அதில் கை பழகும். எந்த ஊரில் தங்குகிறாரோ அந்த ஊர் பழகும். பெரிய மருத்துவமனைக்கு நோய் முற்றித்தான் வந்து சேரும். முற்றிய நோயை மட்டும் பார்த்துக் கற்றவருக்கு, முளைவிடும் நோயோடு தறிக்கூடத்தில் நிற்பவளைத் தெரியாது.

அரசுகள் எதுவும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காக்க வேண்டிய உரிமை அது. படிப்பு முடித்தவர் அரசுப் பணி செய்ய வேண்டும் என்ற பத்திர முறையையும் 2019இல் அதே நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இவற்றின் வரிசையைக் கவனியுங்கள். கிராமத்தில் வேலை பார், சீட்டு கிடைக்கும். சீட்டு கிடைத்தது, கிராமத்துக்குப் போய்க் கடனை அடை. முன்னாலும் பின்னாலும் கிராமம், நடுவில் கல்வி நகரத்தில். கல்விக்குக் கொடுக்கும் விலையாகத்தான் எங்கள் ஊர் இருக்கிறது. கல்வி நடக்கும் இடமாக இல்லை.

அதை மாற்றத் தொடங்கிய ஒரு விதி 2020 செப்டம்பரில் வந்த மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம். பிஜி மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் கட்டாயம் பயிற்சி பெற வேண்டும். நல்ல விதிதான். ஆனால் முப்பத்தாறு மாதத்தில் மூன்று மாதம்! முதல் மாதம் இடம் தெரிந்துகொள்ளப் போகும், கடைசி மாதம் ஆய்வேட்டு யோசனையில் போகும். அதுவும் மாவட்ட அளவோடு நின்றுவிடுகிறது. குமாரபாளையம், திருச்செங்கோடு அரசு மருத்துவமனைகளில் வரிசையில் நிற்பவர்களிடமிருந்து கற்க ஒன்றும் இல்லையா? உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே தெளிவாகச் சொன்னது, 2021இல் மீண்டும் சொன்னது: கிராமப் பின்னணி மாணவர்களைச் சேருங்கள், பயிற்சியைக் கிராமப்புறத்திலேயே கொடுங்கள். அப்படிச் செய்தால் மருத்துவர்கள் அங்கே தங்குகிறார்கள்.

அடுத்த எதிர்ப்பு நம்மை நோக்கி வரும். "இப்போ மெடிக்கல் காலேஜில் பாதிக்கு மேல் பொண்ணுங்க. அவங்க கிராமத்துக்குப் போக மாட்டாங்க." இதைச் சொல்கிறவர்கள் வேலூரை மறந்துவிட்டார்கள். ஆண் மருத்துவரைப் பிரசவ அறைக்குள் விடாத வீடுகளில் பெண்கள் செத்ததைப் பார்த்த ஐடா ஸ்கடர், 1918இல் அங்கே பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண் மாணவர்கள் பிற்பாடுதான் வந்தார்கள். பெரிய நகரத்துக்கு வெளியே, சுற்றுக் கிராமங்களைப் பார்த்துக்கொண்டே மருத்துவம் கற்றவர்கள் பெண்கள்.

பெண்கள் போகத் தயங்கினால், எங்கே தங்குவார்கள் என்று முதலில் கேளுங்கள். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், இரவுப் பணியிலிருந்த பிஜி மருத்துவர் பாலியல் வன்கொலை செய்யப்பட்டார். அவர் ஓய்வெடுத்த இடம் கருத்தரங்கக் கூடம். மாநகரத்தின் பெரிய மருத்துவமனையில் அந்த நிலை என்றால் ஆபத்துக்குக் காரணம் கிராமம் இல்லை. பெண் மருத்துவரின் உழைப்பை வாங்கிக்கொண்டு, அவளுக்குப் பூட்டுள்ள ஓர் அறை தராத நிர்வாகம்தான் காரணம். தறிக்கூடத்தில் கழிப்பறை இல்லாமல் தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டுகிறவளும், வார்டில் கழிப்பறை இல்லாமல் இரவை ஓட்டுகிற பிஜி மாணவியும் ஒரே அலட்சியத்துக்குப் பலியாகிறார்கள். ஒருத்தியை இன்னொருத்திக்கு எதிராக நிறுத்துவது வசதியான தந்திரம். நாம் அதில் விழ வேண்டாம்.

எனவே நம் கோரிக்கைகள் எளிமையானவை. மூன்று மாதத்தை ஓராண்டாக்குங்கள், வட்ட மருத்துவமனை வரை கொண்டு வாருங்கள். மாணவரை மட்டும் அனுப்பாதீர்கள், சொல்லிக்கொடுக்க ஆசிரியரையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது பயிற்சி இல்லை, ஆள் பற்றாக்குறைக்குப் போடும் ஒட்டு. நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்து 2022 ஜனவரியில் திறப்பு விழாவும் ஆயிற்று. அதன் வகுப்பறை விசைத்தறி ஊர்கள் வரை நீளட்டும். குடும்ப மருத்துவத்தை முதுநிலைப் படிப்பாக வளர்த்தெடுங்கள். கருப்பை ஒருவர், நுரையீரல் ஒருவர் என்று பிரித்துப் பார்க்காமல் ஆளை முழுசாகப் பார்க்கும் மருத்துவர்தான் தறிக்காரிக்குத் தேவை. பூட்டுள்ள அறை, கழிப்பறை, இரவு வாகனம், குழந்தைக் காப்பகம் இல்லாத மருத்துவமனைக்குப் பயிற்சி அனுமதி தராதீர்கள். மகப்பேறு விடுப்பு எடுத்தவளைச் சலுகை பெற்றவளாகப் பார்க்காதீர்கள். நோயாளர் நலச் சங்கத்தில் தார் சுற்றும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். எந்த நோய் எப்போது வருகிறது என்று பிஜி மாணவிக்குச் சொல்லித்தர அவளிடமும் பாடம் இருக்கிறது.

செலவாகும் என்பார்கள். ஆகட்டும். மருத்துவம் ஊருக்குள் வராததால் ஆகும் செலவை இதுவரை தறிக்காரப் பெண்கள்தான் கட்டி வருகிறார்கள். கூலியிலிருந்து கட்டுகிறார்கள், கந்து வட்டியில் கட்டுகிறார்கள். வேறு வழியில்லாமல் போனபோது உடம்பிலிருந்தே அறுத்தும் கொடுத்திருக்கிறார்கள். இனி அரசு கட்டட்டும்.