மடிக்கணினியின் மூப்பு

மிதிவண்டி பழையதாகிவிட்டது என்பதை அதன் சங்கிலியும் சக்கரமும் சொல்லிவிடும். மடிக்கணினியின் மூப்பு அவ்வாறு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. திரை மங்காமலும் விசைப்பலகை தேயாமலும் இருக்கும்போதே அதற்கு முதுமை அறிவிக்கப்பட்டுவிடுகிறது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், அந்நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்ற செயலியையும் வேண்டுகிறது. 2017ஆம் ஆண்டுக்கு முன் வந்த இன்டெல் செயலிகளுள் ஏறத்தாழ அனைத்தும் அப்பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

அலுவலகங்கள் கழித்த மடிக்கணினிகளே பெரும்பாலும் இரண்டாம் விற்பனைக்கு வருகின்றன. மகளின் மேற்படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அதனை வாங்கும் குடும்பத்திடம், 'புதியது வாங்குங்கள்' என்பது அறிவுரையாகாது. இயங்குதளத்தின் காலம் முடிந்ததைக் கொண்டு கருவியின் காலமும் முடிந்ததென முடிவுகட்டுவது பிழை என்பதே என் கருத்து.

அதற்காக, இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பதும் சரியன்று. ஆதரவு நின்ற கணினி மறுநாளும் வழக்கம்போல் இயங்கும். இடர் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அதில் அடைக்கப்படுவதில்லை. கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம், ஆதார் எண், வங்கிக் கணக்கு ஆகியவை அக்கணினி வழியேதான் செல்கின்றன. தனிப்பயனர்க்கு அறிவிக்கப்பட்ட கூடுதல் பாதுகாப்புத் திட்டமும் ஓராண்டு அளவினதே.

கடைக்காரர் சிலர் தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ நிறுவித் தருவர். அத்தகைய கணினிக்கு இற்றைகள் தொடர்ந்து கிடைக்கும் என்னும் உறுதியை மைக்ரோசாப்ட் அளிப்பதில்லை. உரிமம் உடைக்கப்பட்ட படியோ இதனினும் கேடு. உரிமத்தை உடைத்த நிரலே நச்சுநிரலைச் சுமந்து வரக்கூடும்.

எஞ்சுவது லினக்ஸ். 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய பணி அது. இன்று உலகின் வழங்கிக் கணினிகளுள் பெரும்பகுதி அதனைக் கொண்டே இயங்குகிறது. நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு பேசிகளின் அடித்தளமும் அதுவே. லினக்ஸ் மின்ட் போன்ற வடிவங்களுக்கு 4 ஜிபி நினைவகமும் 20 ஜிபி சேமிப்பிடமும் போதும். விலை இல்லை. தமிழ்99 விசைப்பலகை அமைப்பையும் அதில் தேர்ந்துகொள்ளலாம். இந்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

லினக்ஸில் எல்லாம் எளிது என்று நான் கூறமாட்டேன். விண்டோஸுக்கெனவே எழுதப்பட்ட கணக்கியல், வடிவமைப்பு மென்பொருள்கள் பல அதில் நேரடியாக இயங்கா. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாவிடில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். இக்குறை லினக்ஸுக்கு உரியதன்று. ஒருங்குறிக்கு மாறத் தயங்கிய நம் சோம்பலுக்கு உரியது. ஆயினும், மாற்றத்தை மேற்கொள்பவர் அக்கோப்புகளை முன்னரே ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நன்று.

முடிவெடுக்கும் முன் சோதித்தறிய வழியுண்டு. லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே கணினியை இயக்கிப் பார்க்கலாம். அருகலை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, படக்கருவி விழிக்கிறதா என்பன அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். நிறுவத் துணிந்தபின் கோப்புகளின் நகலை வேறிடத்தில் வைப்பதும், மின்னிணைப்பைச் செருகியே வைத்திருப்பதும் இன்றியமையாதவை. பழைய மின்கலத்தை நம்பி நடுவழியில் நிற்றல் கூடாது. முந்தைய உரிமையாளரின் படங்களும் கடவுச்சொற்களும் உள்ளே எஞ்சியிருக்கலாம். எனவே பழையதன்மேல் புதியதை ஏற்றாமல், தட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுவதே முறை. கையில் சிறிது பணமிருப்பின், சுழலும் வன்தட்டை நீக்கிவிட்டு எஸ்எஸ்டி பொருத்திய பின் இவ்வேலையைத் தொடங்கலாம். நிமிடக்கணக்கில் விழித்தெழும் கணினி, நொடிக்கணக்கில் எழுவதற்கு அது ஒன்றே பெரும்பாலும் போதுமானது.