கடவுளின் கணக்கை நாம் எழுத வேண்டாம்

நம் வயதுக்காரர்கள் கூடும் இடங்களில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று, ‘கடவுள் காப்பாத்திட்டார்.’ மற்றொன்று, ‘கடவுள் தண்டிச்சிட்டார்.’ முதலாவதைச் சத்தமாகச் சொல்வார்கள். இரண்டாவதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சாவு, தெரிந்தவர் பிள்ளைக்குப் புற்றுநோய், வேலை போன மருமகன், எது நடந்தாலும் இந்த இரண்டில் ஒன்று தயாராக இருக்கிறது.

நான் கடவுளை நம்புகிறவன். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவன். ஆனாலும் இந்த இரண்டும் நம்பிக்கையின் பேச்சு இல்லை என்பதே என் கருத்து.

முதலில் தண்டனையைப் பார்ப்போம். பிரெஞ்சு மொழியில் படித்த எங்களுக்கு வொல்த்தேர் எழுதிய ‘கான்தீத்’ பாடமாக இருந்தது. அதில் வரும் லிஸ்பன் நிலநடுக்கம் கற்பனையல்ல. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். காலை நேரம், கோயில்கள் நிறைந்திருந்தன. பூமி ஆடியதும் கட்டடங்கள் இடிந்து மக்கள் மேலேயே விழுந்தன. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைப் பேரலை அடித்தது. மிச்சமிருந்ததைத் தீ பல நாள் எரித்தது. இறந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

அப்போது அங்கே மலக்ரிதா என்ற இயேசு சபைக் குரு, ஊர் செய்த பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று பிரசங்கம் செய்தார், அச்சிட்டும் கொடுத்தார். அமைச்சர் பொம்பால் வேறு வேலையில் இருந்தார். பிணங்களை அப்புறப்படுத்தினார், உணவுப் பொருள் விலை ஏறாமல் பார்த்துக்கொண்டார், ஊரை அகலமான தெருக்களோடு திரும்பக் கட்டினார். நாட்டிலுள்ள பங்குகளுக்கெல்லாம் ஒரு கேள்விப் பட்டியலும் போனது. நடுக்கம் எவ்வளவு நேரம் இருந்தது, எத்தனை பேர் இறந்தார்கள், கடல் எப்படி நடந்துகொண்டது என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். குமாஸ்தாவாக வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தப் பட்டியல் மீது தனி மரியாதை உண்டு. பொம்பால் நல்ல மனிதர் என்று சொல்லவில்லை, அவர் கொடுமைகள் பல செய்தவர். ஆனால் பிழைத்தவர்களுக்கு அன்று தேவைப்பட்டது சோறும் கூரையும். பாவக் கணக்கு அல்ல.

‘கான்தீத்’ கதையில் பாங்லோஸ் என்று ஒரு வாத்தியார் வருவார். எல்லாம் நன்மைக்கே என்பது அவர் கொள்கை. தங்களுக்குச் சோறு போட்ட நல்ல மனிதன் கடலில் மூழ்கும்போதும், அந்தத் துறைமுகம் அவன் மூழ்குவதற்கென்றே உண்டானது என்று நிரூபிப்பார். வகுப்பில் சிரித்தோம். வொல்த்தேரை நாத்திகர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் கடவுள் இல்லை என்று சொன்னவர் அல்ல. அவருடைய கோபமெல்லாம் இந்த பாங்லோஸ்கள் மீதுதான் என்று படுகிறது.

அடுத்தது, காப்பாற்றிய கதை. அது நம் ஊரிலேயே இருக்கிறது. 1760 முடியும்போது ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரையிலும் கடலிலும் வளைத்திருந்தார்கள். ஊருக்குள் பட்டினி. 1761 ஜனவரி 1 அன்று பெரும் புயல் அடித்தது. வெளியே நின்ற ஆங்கிலேயக் கப்பல்களில் சில மூழ்கின, சில கரை தட்டின. ஆயிரம் பேருக்கு மேல் கடலில் போனார்கள். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு இது கடவுளே அனுப்பிய உதவியாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் எதிர்பார்த்த பிரெஞ்சுக் கப்பல்கள் வரவில்லை. சில நாளில் ஆங்கிலேயக் கப்பல்கள் மறுபடியும் வந்து நின்றன. 12-ஆம் தேதி ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். 16-ஆம் தேதி ஊர் சரணடைந்தது. பிறகு ஊரையே இடித்துத் தள்ளினார்கள். ‘கடவுள் காப்பாற்றினார்’ என்று 1-ஆம் தேதி எழுதி வைத்தவன், 16-ஆம் தேதி என்ன எழுதுவான்? மூழ்கிப்போன மாலுமிகளுக்கும் வீட்டில் ஜெபம் சொல்லும் தாய்மார்கள் இருந்திருப்பார்களே!

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாது. 2004 டிசம்பர் 26 நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. கடற்கரைச் சாலை ஓரத்துக் கருங்கற்கள் அலையைத் தாங்கின, நகரம் பெரும்பாலும் தப்பியது. மாதா காப்பாத்தினாங்க என்றார்கள் சிலர். மணக்குள விநாயகர் காப்பாத்தினார் என்றார்கள் சிலர். அதே காலையில் காரைக்காலில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு மாதாவைப் பார்க்கவென்றே வந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் இறந்தார்கள். அவர்களை மாதாவுக்குத் தெரியாதா?

நிவாரணப் பட்டியல் எழுத என்னையும் காரைக்கால் பக்கம் அனுப்பியிருந்தார்கள். பெயர், வயது, உறவுமுறை, இத்தனைதான் கட்டங்கள். ஒரு மீனவப் பெரியவர் மூன்று பெயர் சொன்னார். நான்காவதைச் சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருந்தார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் ஆறுதலாக நினைத்துத்தான், ‘நாம செஞ்ச பாவம்தான் ஐயா’ என்றார். பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். கைநாட்டு வைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அவர் மைத்துனரோடு போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். ஒரு வார்த்தை ஒரு மனிதனை அவனுக்குச் சேரவேண்டிய அரிசியிலிருந்துகூட விரட்டிவிடும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

வேதாகமத்தில் யோபுவின் கதை தெரியும். பிள்ளைகளும் சொத்தும் போய், உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்தவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவருடைய பெயரில் விளக்கம் சொன்ன அந்த நண்பர்களைத்தான். சண்டை போட்ட யோபுவோ சரியாகப் பேசினார் என்று பெயர் வாங்கினார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஏன் இப்படி நடந்தது என்று யோபுவுக்கும் கடைசி வரை சொல்லப்படவில்லை.

அப்படியானால் எதை நம்புவது என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு இருந்தேன். என் மேசைக்கு வந்த தாளை மட்டும்தான் நான் பார்த்தேன். கோப்பு மேலே போன பிறகு யார் என்ன குறிப்பு எழுதினார்கள், என்ன உத்தரவானது என்பது என் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் வாசலில் நின்று சொல்லும் ஆட்களும் இருந்தார்கள். அவர்களை நம்பி ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கடவுள் விஷயத்திலும் என் நிலை இதுதான். கோப்பு அவர் கையில் இருக்கிறது, தொலைந்துபோகவில்லை என்று நம்புகிறேன். அவருடைய அலுவலகம் எங்கள் அலுவலகத்தைவிட நேர்மையானது என்றும் நம்புகிறேன். அதற்கு மேல் அவர் உத்தரவை நான் வாசித்துச் சொல்ல முடியாது.

நன்றி சொல்லக்கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். நானும் தினமும் சொல்கிறேன். இழந்தவன் காதில் விழும்படி, ‘எங்களை மட்டும் காப்பாத்தினார்’ என்று சொல்லவேண்டாம், அவ்வளவுதான்.

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் பிரான்சில். வீட்டில் இரண்டு கிழங்கள், அல்லது ஒன்று. பரிசோதனை முடிவு வரும்வரை தூக்கம் வராத இரவுகள் உண்டு. நாளைக்கு நம்மில் யாருக்கு என்ன என்று தெரியாது. அந்த நேரத்தில் நம்மைத் தேடி வருகிறவர் காரணத்தோடு வரவேண்டாம். ஒரு பிளாஸ்க் காப்பியோடு வரட்டும். ஆஸ்பத்திரி வரிசையில் நமக்குப் பதிலாக நிற்கட்டும். ஜெபம் தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லட்டும். நாமும் அடுத்தவர் வீட்டுக்கு அப்படியே போவோம். கடவுள் நல்லவர் என்பதை வாதம் செய்து நிரூபிக்க எனக்குத் தெரியாது. ஆனால் துக்க வீட்டில் அதை நம்புவது யாருக்காவது கொஞ்சம் சுலபமாக இருந்திருந்தால், அங்கே யாரோ ஒருவர் வாயை மூடிக்கொண்டு கூட உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.