குலுக்கையில போட்டு வைக்க இது விதையா?

பிடுங்கின பல்லோட கூழ், தொப்பையில இருந்து உறிஞ்சி எடுத்த கொழுப்பு.. இதுல இருக்குற ஸ்டெம் செல்லை (குருத்தணுன்னு தமிழ்ல சொல்றாங்க) பிரிச்சு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல போட்டு வச்சா, பிற்காலத்துல முட்டி தேஞ்சாலோ இதயம் பழுதானாலோ சரி பண்ணிக்கலாமாம். கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்குற அண்ணாச்சி ஒருத்தர், "நம்ம உடம்பு, நம்ம காசு, இதுல என்ன தப்பு?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான்.

சேர்த்து வைக்கிறது கரிசக்காட்டுக்குப் புதுசா என்ன? குலுக்கையில கம்பும் சோளமும் விதைக்குன்னு எடுத்து வச்ச பரம்பரை நாம. ஆனா போன வருசம் முளைச்சதைக் கண்ணால பார்த்த விதையைத்தான் எடுத்து வச்சாங்க. இங்க, 30 வருசம் உறைய வச்ச பல்லுக்கூழ் யாரோட இதயத்தையும் சரி பண்ணினதா சேதி இல்லை.

ஸ்டெம் செல் வைத்தியமே பொய்யின்னு சொல்லலைங்க. ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுறது வேலூர் சி.எம்.சி.யில 1986லயே ஆரம்பிச்சாச்சு. சுண்ணாம்பு தெறிச்சு ஒரு கண்ணு வெந்துபோனா, நல்லாருக்குற இன்னொரு கண்ணு ஓரத்துல இருந்து துளியூண்டு திசு எடுத்து வளர்த்து வைக்கிறாங்க. கவனிங்க, ரெண்டுலயுமே தேவைப்படுறப்பதான் செல்லை எடுக்குறாங்க. வாலிபத்துலயே எடுத்து வாடகை கட்டி வைக்கலை. போதாக்குறைக்கு ஜப்பான்ல யமனாகா 2006ல எலிச் செல்லையும், 2007ல மனுசத்தோல் செல்லையும் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாவே ஆக்கிக் காட்டிட்டார். 2012ல நோபலும் வாங்கிட்டார். நாளைக்கு அந்த வைத்தியம் வந்தா, சேமிப்புக் கிடங்கு நம்ம தோல்தான் :-)

ஐ.சி.எம்.ஆர். 2017ல போட்ட வழிகாட்டு நெறிமுறை இன்னும் கறாரா இருக்கு. தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர வேற எதையும் வணிகரீதியா சேமிக்க அனுமதி இல்லை. அந்தத் தொப்புள்கொடி ரத்தத்தையும் 'பின்னாடி எனக்கே ஆகும்'னு வைக்கிறதுக்கு அறிவியல் ஆதாரம் இல்லைன்னுட்டாங்க. காரணமும் லேசா புரியும். பிள்ளைக்குப் பிறவியிலேயே தலசீமியா இருந்தா, சேமிச்ச செல்லுலயும் அதே கோளாறுதானே இருக்கும்? அடுத்தவங்க செல்லுதான் வேணும்.

அந்த அடுத்தவங்கதான் கிடைக்கிறதில்லை. கூடப்பிறந்தவங்க முழுசாப் பொருந்த நாலுல ஒரு வாய்ப்புத்தான். பொருந்தலைன்னா பதிவேட்டுலதான் தேடணும். சென்னையில 2009ல ஆரம்பிச்ச 'தாத்ரி' அப்படி ஒண்ணு. கன்னத்து உள்பக்கம் பஞ்சுக்குச்சியால தடவிக் குடுத்தாப் போதும், பேரு ஏறிடும். என்னைக்காவது யாருக்காவது பொருந்தினா, சில நாள் ஊசி போட்டு, ரத்தத்துல இருந்தே பிரிச்சு எடுத்துக்குவாங்க. குடுத்தது சில வாரத்துல உடம்புல மறுபடி ஊறிடும்.

வெளிநாட்டுல பெரிய பெரிய பதிவேடு இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. ஆனா இந்தப் பொருத்தம் வம்சாவளியா வர்றது. எட்டயபுரத்துப் பிள்ளைக்கு ஜெர்மனிக்காரரை விட விளாத்திகுளத்துக்காரர் பொருந்துறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.