அறுபது வீடுகளும் அறுபத்தைந்து பொதிகளும்

 

பிள்ளையின் கணிதப் புத்தகத்தைக் கண்டதும் "அது எங்களுக்கு விளங்காது" என்று ஒதுங்கிவிடுகிறீர்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். அரபுக் கல்லூரியில் வாரிசுரிமைப் பங்கு பிரிப்பதற்காகக் கற்ற பின்னங்களோடு என் கணிதம் நின்றுவிட்டது. தொடைகள் என்ற பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவள் என் மகள். அதைப் படித்துக்கொண்ட விதத்தை இன்று உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது எங்கள் வட்டாரத்தில் இருந்தவை 60 வீடுகள். நிவாரணத்துக்காக இரண்டு பட்டியல்கள் எழுதினோம். தண்ணீர் புகுந்த வீடுகள் 38. வெள்ளத்தால் நாட்கூலி இழந்த வீடுகள் 27. கூட்டினால் 65. கணக்கு எழுதியவன் நான்தான். இருப்பதே 60 வீடுகள், நாம் 65 உலருணவுப் பொதிகள் கட்டியிருக்கிறோம், ஆகவே ஒருவரும் விடுபட்டிருக்க முடியாது என்று மனநிறைவோடு வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மகள் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். தொடை என்பது தொடுக்கப்பட்டது. இன்னது உள்ளே, இன்னது வெளியே என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய பொருட்களின் கூட்டம். அரபியில் இதற்கு 'மஜ்மூஆ' என்பார்கள். 'இந்த ஊரின் நல்ல சமையல்காரிகள்' என்றால் அது தொடையாகாது. மாமிக்கும் மருமகளுக்கும் விடை வேறுபடும்! 'இந்த ஊரில் ரமழானில் பிறந்த பிள்ளைகள்' என்றால் தொடை. உள்ளே இருப்பவை மூலகங்கள். 'பள்ளிக்கூடம் போகும் மூன்று மாதக் குழந்தைகள்' என்றால் உள்ளே ஒருவருமில்லை. அது சூனியத் தொடை. ஒரு மூலகத்தை எத்தனை முறை எழுதினாலும் அது ஒன்றுதான். சீனி, தேயிலை, சீனி என்று எழுதினாலும் அதில் இருப்பவை இரண்டே பொருட்கள்.

ஜெர்மனியில் ஹாலே நகரப் பேராசிரியராக இருந்த கேன்டர் 1874இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இத்துறை வளர்ந்தது. வட்டங்கள் வரைந்து காட்டும் முறையை ஆங்கிலேயரான வென் 1880இல் வெளியிட்டார். அந்த வட்டங்களைத்தான் மகள் வரைந்துகொண்டிருந்தாள்.

"வாப்பா, உங்கட லிஸ்ட் ரெண்டையும் தாங்களேன், வரைஞ்சு பார்க்க" என்றாள்.

முதலில் ஒரு பெரிய பெட்டி. அது 60 வீடுகளும் அடங்கிய அகிலத் தொடை. அதற்குள் இரண்டு வட்டங்கள். பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், அதாவது இடைவெட்டில், 14 வீடுகள். தண்ணீரும் புகுந்து கூலியும் இழந்த வீடுகள் அவை. இரண்டு பட்டியல்களையும் இரண்டு குழுக்கள் கொண்டுபோனதால் அவற்றுக்கு இரண்டு பொதிகள் போயிருக்கின்றன. இரண்டு வட்டங்களையும் சேர்த்த ஒன்றிப்பில் இருப்பவை 65 அல்ல; 38உம் 27உம் கூட்டி, இருமுறை எண்ணப்பட்ட 14ஐ ஒருமுறை கழித்தால் 51. இடைவெட்டு சூனியத் தொடையாக இருந்தால் மாத்திரமே வெறுமனே கூட்டலாமாம். நான் பார்க்காமலே அப்படி எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பொதி கிடைத்த வீட்டில் ஒன்றும் வீணாகியிருக்காது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மகள் பென்சிலால் தொட்டது வட்டங்களுக்கு வெளியே, பெட்டிக்குள்ளே இருந்த வெற்றிடத்தை.

"இதில ஒன்பது வீடு இருக்கு. அது யாரு வாப்பா?"

பெயர்களை எழுதினோம். ஏழு வீடுகள் வசதியானவை. ஒன்று பூட்டிக் கிடந்தது. ஒன்பதாவது, மேட்டில் தனியாக வாழும் ஒரு விதவைத் தாயின் வீடு. மேடானபடியால் தண்ணீர் புகவில்லை. உழைப்பவர் எவருமில்லாதபடியால் இழக்கக் கூலியுமில்லை. எங்கள் இரண்டு நிபந்தனைகளில் எதுவும் அவரைத் தொடவில்லை. உறவினர் ஒருவர் மாதாமாதம் அனுப்பும் சிறு தொகையில்தான் அவர் சீவியம். அந்த உறவினரின் வீடும் அந்த மாதம் வெள்ளத்தில். பதினைந்து நாட்களாக அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலையே மனைவியும் மகளும் பொதியோடு போனார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். "மற்றவங்களுக்கெல்லாம் கிடைச்சுதா தம்பி?" என்றுதான் அவர் கேட்டார்.

இப்போது எங்கள் நிவாரணக் கொப்பியின் முதற்பக்கத்தில் 60 வீடுகளின் பெயர்களும் இருக்கின்றன. பட்டியல்கள் இரண்டாம் பக்கத்திலிருந்துதான் தொடங்கும்.