டென்சில் கொப்பேகடுவவை நாங்கள் எப்படி நினைவுகூர்வது?

 

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 8 வந்தால் எங்கள் பக்கத்து முகநூலில் ஒரு சண்டை தொடங்கும். யாராவது ஒருவர் அராலி முனை நினைவுச்சின்னத்தின் படத்தைப் போட்டு, "சிறந்த தளபதி, அன்பான கணவன், பாசமான தகப்பன்" என்று எழுதுவார். அரை மணித்தியாலத்துக்குள் கீழே வசை தொடங்கிவிடும். இரண்டு பக்கத்திலும் எனக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். சிலர் என்னிடம் படித்த பிள்ளைகள். கருத்துப் பெட்டிக்குள் எழுதினால் இடம் போதாது என்பதால் தனிப் பதிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அவர் யார் என்று பார்ப்போம். வசைபாடுகிறவர்களில் பாதிப்பேருக்கும் புகழ்கிறவர்களில் பாதிப்பேருக்கும் அது சரியாகத் தெரியாது.

டென்சில் கொப்பேகடுவ 1940 ஜூலை 27 பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தில் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று, கவச வாகனப் படைப்பிரிவில் சேர்ந்தார். 1987 இல் வடமராட்சியில் நடந்த 'ஒப்பரேஷன் லிபரேஷன்' நடவடிக்கையில் முன்னணித் தளபதிகளில் ஒருவர். 1991 இல் ஆனையிறவு முகாம் முற்றுகைக்குள் இருந்தபோது வெற்றிலைக்கேணியில் தரையிறங்கி அதை மீட்ட 'பலவேகய' நடவடிக்கையையும் வழிநடத்தினார். அடுத்த வருடம், 1992 ஆகஸ்ட் 8 அன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பிடிப்பதற்கான திட்டத்தோடு அராலி முனைக்கு வந்தார். அந்தக் கரையில் நின்றால் கடல் நீரேரிக்கு அப்பால் அராலி தெரியும். அங்கே அவர் சென்ற வாகனம் வெடியில் சிக்கியது. பிரிகேடியர் விஜய விமலரத்ன, கொமடோர் மொஹான் ஜயமஹா உட்படப் பல அதிகாரிகள் அவரோடு இறந்தார்கள். அவருக்கு 52 வயது முடிந்து 12 நாள்தான் ஆகியிருந்தது. இறந்த பிறகு லெப்டினன்ட் ஜெனரலாகத் தரம் உயர்த்தப்பட்டார்.

தெற்கில் அவருக்காக அழுத சனத்தின் கண்ணீர் பொய்யானது அல்ல. சிப்பாய்களோடு முன்னுக்கு நின்ற தளபதி என்றுதான் அங்கே அவரை நினைக்கிறார்கள். அவருக்கும் மனைவி பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வீட்டிலும் ஒரு நாள் கதவைத் தட்டி யாரோ செய்தி சொல்லியிருப்பார்கள். அந்த வேதனையைக் கேலி செய்ய எங்களில் யாருக்கும் உரிமை இல்லை என்பது என் முதல் கருத்து.

நபி (ஸல்) அவர்களுக்கு முன்னால் ஒரு ஜனாஸா போனது. அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடைய ஜனாஸா என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதில் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற இந்தச் சம்பவத்தை மத்ரஸாவில் எல்லோரும் படித்திருக்கிறோம். முகநூலுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

இப்போது மற்றப் பக்கம். படத்தைப் போட்டுப் புகழ்கிறவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

வடமராட்சி நடவடிக்கை ஒரு தளபதியின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி. அந்த ஊர்ச் சனத்துக்கு அது பிடித்துக் கொண்டுபோய் காலி பூசா முகாமில் அடைக்கப்பட்ட பிள்ளைகளின் கதை. எங்கள் தீவுகளுக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. 1990 ஆகஸ்ட் கடைசியில் படையினர் தீவுக்குள் வந்தபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துக்கொண்டு போன இளைஞர்கள் பலர் இன்றுவரை திரும்பவில்லை. கிணறுகளைத் தோண்டிப் பாருங்கள் என்று உறவுகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தாய்மாரில் பலர் மௌத்தாகிவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன நடந்தது, யார் உத்தரவிட்டார் என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். முழுப் பழியையும் ஒரு பெயரின் தலையில் நான் கட்டவில்லை. ஆனால் அந்த நினைவுச்சின்னத்துக்குப் போகிற பாதை இந்த ஊர்களுக்குள்ளால்தான் போகிறது. அதைச் சொல்லாமல் படத்தை மட்டும் போட்டால் அது அரைவாசி நினைவு.

இங்கே என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சோனகத் தெருவில் இருந்த எங்கள் வாப்பாவும் உம்மாவும் கையில் ஒரு பையோடு புறப்பட்டார்கள். வாப்பாவின் தையல் மெஷின் வீட்டோடு நின்றுவிட்டது. நான் பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். கலாசாலை முடித்து நியமனம் கிடைத்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். வாப்பா ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வார்: வாசலில் துவக்கோடு நின்ற பொடியன் அவரிடம் சட்டை தைக்க வந்தவனாம். தாயைத் தாங்கு தாங்கென்று தாங்கும் நல்ல பிள்ளையாம்.

இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். தாய்க்கு நல்ல பிள்ளையாக இருந்தவன்தான் எங்களை வெளியே போகச் சொன்னான். வீட்டில் பாசமாக இருப்பது வெளியே செய்கிற வேலைக்கு நற்சான்றிதழ் ஆகாது. அதேபோல வெளியே செய்த வேலைக்காக வீட்டுப் பாசத்தை இல்லை என்று சொல்லவும் முடியாது. இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருந்தன. சீருடை போட்டவர்களைப் பற்றி, எந்தச் சீருடையாக இருந்தாலும், எழுதும்போது இரண்டையும் எழுத வேண்டும்.

எங்கள் முஸ்லிம் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமை மீட்கப் போன விசேட படையணியை வழிநடத்தி உயிரிழந்த லெப்டினன்ட் கேணல் ஃபஸ்லி லாபிரின் படத்தை நாங்கள் பெருமையோடு பகிர்கிறோம். நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணம் பெற்றவர். அவருடைய துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் "நம்ம ஆள்" என்பதால் மட்டும் அந்தப் படத்தைப் போடுகிறோம் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய "நம்ம ஆள்" படத்தைப் போடும்போது எங்களுக்குக் கோபம் வருவதில் நியாயம் இல்லை.

கொப்பேகடுவ என்ற பெயரே எங்கள் முதியவர்களுக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தும். ஹெக்டர் கொப்பேகடுவ 1970 முதல் 1977 வரை விவசாய, காணி அமைச்சராக இருந்தார். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட அந்தக் காலத்தில் வெங்காயமும் மிளகாயும் போட்டு வீடு கட்டிய யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பலர். 1982 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் குமார் பொன்னம்பலத்துக்கு அடுத்ததாக அவருக்குத்தான் அதிக வாக்கு விழுந்தது. ஜே.ஆர். மூன்றாவது. ஒரு சிங்களப் பெயரைக் கேட்டதும் தோட்டமும் அறுவடையும் ஞாபகம் வந்த காலம் ஒன்று இங்கே இருந்தது. பத்து வருடத்துக்குள் அதே பெயர் கண்ணிவெடியையும் படைநடவடிக்கையையும் ஞாபகப்படுத்துவதாக மாறியது. இதற்கு நடுவில் நடந்ததைத்தான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். டென்சில் கொப்பேகடுவ இறந்தபோது தெற்கிலேயே பெரிய சந்தேகம் எழுந்தது. வெடியை வைத்தது புலிகளா, அல்லது அரசுக்குள் இருந்தே யாரும் சதி செய்தார்களா என்று சனம் கேட்டது. கொழும்பில் இறுதிச் சடங்கு நடந்த இடத்திலேயே அரசுக்கு எதிராகக் கொந்தளித்தார்கள். பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. ஆக, ஒரு பெரிய தளபதியின் இறப்பிலும் "உண்மையைச் சொல்லுங்கள்" என்ற கோரிக்கை எழுந்தது. மண்டைதீவுத் தாய் கேட்பதும் அதே கேள்விதான். அவளுக்கும் ஆணைக்குழுக்கள் வந்தன. பெயர் எழுதினார்கள், கையொப்பம் வாங்கினார்கள், போனார்கள். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமல் போனோர் அலுவலகமும் வந்தது. பதில் மட்டும் வரவில்லை. தளபதியை உண்மையாக நேசிக்கிற ஒருவருக்கு இந்தத் தாயின் கேள்வி விளங்காமல் இருக்காது என்று நினைக்கிறேன்.

போன வருடம் தரம் 9 பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "சேர், அராலி முனையில பேர் போட்டிருக்கிறவர் நல்லவரோ கெட்டவரோ?"

நான் பதில் சொல்லவில்லை. வகுப்புக்கே ஒரு வீட்டு வேலை கொடுத்தேன். உங்கள் வீட்டில், ஒழுங்கையில், யுத்தத்தில் இறந்த, காணாமல் போன ஒருவரைப் பற்றி அப்பம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள். அவர் என்ன வேலை செய்தார், என்ன சாப்பாடு பிடிக்கும், யாரை விட்டுவிட்டுப் போனார் என்று எழுதி வாருங்கள் என்றேன்.

வந்த கொப்பிகளில் ஒருவர் தொழிலுக்குப் போன இடத்தில் நேவி சுட்ட மாமா. ஒருவர் இயக்கத்துக்குப் போய் வராத பெரியப்பா. ஒருவரை இயக்கமே துரோகி என்று கொண்டுபோனதாம். ஒருவர் ஷெல் விழுந்து இறந்த ஆச்சி. அவவுக்கு ஒடியல் கூழ் என்றால் உயிராம். வாசித்து முடித்த பிறகு அந்தப் பிள்ளை நல்லவரா கெட்டவரா என்று திரும்பிக் கேட்கவில்லை. "சேர், இவையளின்ர பேர் எங்க போட்டிருக்கு?" என்றுதான் கேட்டது.

எனக்கும் அந்தக் கேள்விதான் இருக்கிறது. நெடுந்தீவு மாவிலித்துறையில் 1985 மே 15 குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. கைக்குழந்தையும் அதில் அடக்கம். ஊர்ச் சனம் வருடா வருடம் கூடுகிறது. காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3 தொழுகையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை அந்தப் பள்ளிவாசல்களின் சுவரே சொல்லும். அராலி முனையில் தளபதிக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பிள்ளைகளுக்கு ஊரறிய, பயமில்லாமல் நின்று விளக்கேற்ற ஓர் இடம் வேண்டும். ஒன்றை உடைத்து மற்றதைக் கட்டச் சொல்லவில்லை. அராலி முனையில் இருப்பது இருக்கட்டும். அதே பாதையில் இவர்களுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

அதுவரை எங்களால் செய்யக்கூடியது மூன்று. ஒன்று, ஒவ்வொரு வாசிகசாலையும் தன் ஊரில் இழந்தவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கட்டும். எந்தப் பக்கம் என்று பார்க்காமல், வயதையும் தொழிலையும் சேர்த்து. விபரம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இரண்டு, எங்கள் பள்ளிவாசலும் கோயிலும் விகாரையும் இருக்கிற நயினாதீவு போன்ற ஊரிலாவது எல்லோரும் ஒரே நாளில் ஒன்றாக நிற்கட்டும். மூன்று, அடுத்த ஆகஸ்ட் 8 அன்று யாராவது அந்தப் படத்தைப் போட்டால் திட்டாதீர்கள். உங்கள் வீட்டில் இழந்த ஒருவரைப் பற்றி நாலு வரி அதன் கீழே எழுதுங்கள். படம் போட்டவரும் அதை வாசிக்கட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், மரியாதையோடு கதைப்போம். பெயர் எழுத உதவி வேண்டிய வாசிகசாலைகள் உள்பெட்டியில் சொல்லுங்கள். சனி, ஞாயிறு பின்னேரங்களில் நானும் மூத்த மாணவர்களும் வந்து எழுதித் தருகிறோம்.

வஸ்ஸலாம்.