நின்றது திரும்பி வந்தால்...

எர்ணாவூரில் எங்கள் தெருக் குழாயடியில் ஒரு அக்கா சொன்னார்: "விலக்கு நின்னு ரெண்டு வருஷமாச்சு. இப்ப லேசா படுது. உடம்புல இன்னும் தெம்பு இருக்குது போல!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை.

வயது ஏற ஏற ஈஸ்ட்ரோஜன் சுரப்பது குறையும். தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பெரும்பாலும், உள்சவ்வு மெலிந்துபோவது போன்ற சாதாரணக் காரணம்தான். ஆனால் சிலருக்குக் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியே இதுதான். ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்தலாம்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனையில் பிரசவத்தோடு மகளிர் நோய்களையும் பார்க்கிறார்கள். வயசான காலத்தில் இதைப் போய்ச் சொல்வதா என்று அம்மாவும் மாமியாரும் கூசுவார்கள். நீங்களே கேட்டுவிடுங்கள், சகோதரிகளே!